ஏபிஐ ஒருங்கிணைப்புக் கட்டமைப்பாளர் பரீட்சை: பாடத்திட்டம் முடிந்த பின்னரும் சூழல் வினாக்களில் விடையைத் தீர்மானிப்பது எப்படி?

கேள்வி: கொக்குவில்_நிலா

அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஒருங்கிணைப்பு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மியூல்சொஃப்ட் (வெவ்வேறு மென்பொருள்களை இணைக்கும் மியூல் என்ற கருவியைத் தரும் தளம்) டெவலப்பர் சான்றிதழ் கையில் இருக்கிறது. அடுத்ததாக, முன்னர் "இன்டகிரேஷன் ஆர்க்கிடெக்ட் லெவல் 1" என்ற பெயரில் நடந்த பரீட்சைக்குத் தயாராகி வருகிறேன். 120 நிமிடங்களில் 60 பல்தேர்வு வினாக்கள். சித்தியடைய 70 சதவீதம், அதாவது 42 சரியான விடைகள் வேண்டும்.

பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளை ஒரு சுற்று படித்து முடித்துவிட்டேன். "இந்தக் கூறு என்ன செய்யும்" என்று நேராகக் கேட்டால் விடை சொல்ல முடிகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் நிலைமையை நீளமாக விவரித்து, "இதற்கு மிகப் பொருத்தமான வடிவமைப்பு எது" என்று கேட்கும் வினாக்களில் இரண்டு விடைகளாவது சரி போலவே தோன்றுகின்றன. எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்காக நாங்களே எழுதிக்கொண்ட ஒரு வினாவை இங்கே தருகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவில் புறப்படும் சொகுசு பஸ் ஒன்றுக்கு இணையவழி ஆசனப் பதிவு. பயணியின் கோரிக்கை வந்ததும் மியூல் செயலி மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: ஆசனத்தைத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும், குறுஞ்செய்தி அனுப்பும் பிரிவுக்கு ஜேஎம்எஸ் கியூவில் (செய்திகளை வரிசையாக வைத்துக் கடத்தும் இடம்) ஒரு செய்தியை இட வேண்டும், வெளியிலுள்ள கொடுப்பனவுச் சேவையை எச்ரிரிபி (இணையக் கோரிக்கைகளுக்கான நெறிமுறை) வழியே அழைத்துப் பணத்தை அறவிட வேண்டும். பணமும் ஆசனமும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றுவிடக் கூடாது. விடைகள்:

அ) மூன்றையும் ஒரே எக்ஸ்ஏ பரிவர்த்தனைக்குள் வைத்தல்.
ஆ) தரவுத்தளத்துக்கு மட்டும் லோக்கல் பரிவர்த்தனை (ஒரே வளத்தோடு முடிவது), கொடுப்பனவு அழைப்பை வெற்றி கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் முயலுதல்.
இ) தரவுத்தளத்தையும் ஜேஎம்எஸ்ஸையும் எக்ஸ்ஏ பரிவர்த்தனைக்குள் வைத்து, கொடுப்பனவைத் தனியே பிரித்து, தோல்விக்கு ஈடுசெய்யும் நடவடிக்கை ஒன்றை வடிவமைத்தல்.
ஈ) எல்லாவற்றையும் இரவில் ஓடும் பாட்ச் வேலையாக மாற்றுதல்.

அ, இ ஆகிய இரண்டுக்கும் இடையே எதை அடிப்படையாகக் கொண்டு தீர்மானிப்பது? அந்தத் தீர்மானத்துக்கு வரும் வழியைத்தான் நான் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். பரீட்சையில் வந்ததாகச் சொல்லி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் வினாத் தொகுப்புகளைப் படிப்பதால் பயன் உண்டா? பாடசாலை உயர்தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகியவர்கள் என்பதால், நண்பர்கள் இதையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அடுத்தது, வீட்டிலிருந்து இணையவழியில் எழுதுவதென்றால் மின்தடைக்கு என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

பதில்: சுன்னாகம்_இணைப்பாளர்

வணக்கம் தங்கச்சி. நல்ல வினாவை எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

இத்தகைய வினா வந்தால் முதலில் ஒரு தாளில் படம் வரையுங்கள். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு அம்பு போகிறது என்று குறித்துவிட்டு, ஒவ்வொரு அம்பையும் தொட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த இடத்தில் தொடர்பு அறுந்தால், அந்த நேரத்தில் செய்தி யாருடைய கையில் இருக்கும்? எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளை மட்டும் மனத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு விடைகளும் சரியாகத்தான் தெரியும், அவற்றின் வேறுபாடு பழுதுபடும் நாளில்தான் வெளிப்படும்.

இப்போது அ-வை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ஏ என்பது இரண்டு கட்டங்களில் நடக்கும் உறுதிப்படுத்தல். முதற் கட்டத்தில் ஒவ்வொரு பங்காளியும் "நான் ஆயத்தம்" என்று சொல்லி, மாற்றத்தை நிலைப்படுத்தாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும்; இரண்டாம் கட்டத்தில் எல்லோரும் சேர்ந்து உறுதிப்படுத்துவார்கள் அல்லது சேர்ந்து பின்வாங்குவார்கள். மியூலில் தரவுத்தளம், ஜேஎம்எஸ், விஎம் (செயலிக்குள்ளேயே செய்தி கடத்தும் கியூ) ஆகிய இணைப்பிகளால் இப்படிப் பங்குபற்ற முடியும். எச்ரிரிபி அழைப்புக்கு "ஆயத்தம்" என்ற கட்டமே கிடையாது. கோரிக்கை போய்விட்டால் போய்விட்டதுதான், அதைத் திரும்ப அழைக்கும் வழி அந்த நெறிமுறையில் இல்லை. ஆகவே மூன்றையும் ஒரே எக்ஸ்ஏக்குள் வைக்கலாம் என்ற கூற்றே பிழையானது. வினாவில் "எச்ரிரிபி வழியே" என்று எழுதிய இடத்திலேயே அ விழுந்துவிட்டது.

ஆ பார்வைக்கு நியாயமாகத் தோன்றும், ஆனால் அதுதான் ஆபத்தானது. மியூல் 4 இல் எச்ரிரிபி கோரிக்கைக்கான இயல்புநிலை ரைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) 10 செக்கன். கொடுப்பனவுச் சேவை அன்றைக்குச் சற்று மெதுவாக இயங்கி, பதினோராவது செக்கனில் பணத்தை அறவிட்டு முடிக்கிறது என்று வையுங்கள். நம் பக்கத்தில் அது ஏற்கெனவே "தோல்வி" என்று பதிவாகிவிட்டது, மீள்முயற்சி தொடங்குகிறது, பயணியிடமிருந்து இரண்டாவது முறையும் பணம் போகிறது. எச்ரிரிபி பற்றிய தரநிலையான ஆர்எஃப்சி 9110, கெட், புட், டிலீட் போன்ற கோரிக்கை முறைகளை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே என்று வரையறுக்கிறது. போஸ்ட் முறைக்கு அந்த உத்தரவாதத்தை அது தரவில்லை. கொடுப்பனவு அழைப்பு பெரும்பாலும் போஸ்ட் ஆகத்தான் இருக்கும். எனவே மீள்முயற்சி என்ற சொல்லை ஒரு விடையில் கண்டவுடன், ஒரே கோரிக்கை இரண்டு முறை போனால் மறுபக்கம் அதை இனங்காணுமா என்று பாருங்கள். பதிவு இலக்கத்தையே தனித்துவச் சாவியாக ஒவ்வொரு முயற்சியிலும் அனுப்பி, ஒரே சாவியுடன் வருவதை இரண்டாம் முறை அறவிடாமல் விடும் ஏற்பாடு மறுபக்கத்தில் இருந்தால் ஆ-வைப் பற்றிப் பேசலாம். அது வினாவில் சொல்லப்படவில்லை.

இ-யில் என்ன நடக்கிறது என்று சற்று நிதானமாகப் பாருங்கள். முதலில் ஆசனம் காலாவதி நேரத்துடன் தற்காலிகமாக ஒதுக்கப்படுகிறது. பிறகு கொடுப்பனவு அழைப்பு. அதற்கு இரண்டு முடிவுகள் என்று நினைப்பது வழக்கம், உண்மையில் மூன்று உள்ளன: வெற்றி, தோல்வி, தெரியாது. ரைம்அவுட் என்பது மூன்றாவது வகை. அதைத் தோல்வி என்று எழுதும் வடிவமைப்புதான் பணம் போய் ஆசனம் கிடைக்காத பயணியை உருவாக்குகிறது. வெற்றியென்றால் ஆசனப் பதிவையும் குறுஞ்செய்திக் கியூவையும் ஒன்றாக உறுதிப்படுத்தலாம். தோல்வியென்றால் ஒதுக்கீட்டை விடுவிக்கலாம். தெரியாதென்றால் கொடுப்பனவின் நிலையை விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். பணம் அறவிடப்பட்ட பின் ஆசனத்தை உறுதிப்படுத்த முடியாமற் போனால் மீளளிப்பு. இப்படி ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றை வைக்கும் முறையைச் சாகா என்பார்கள்; 1987 இல் கார்சியா மொலினா, சேலம் ஆகிய இருவரும் நீண்ட நேரம் எடுக்கும் தரவுத்தளப் பரிவர்த்தனைகளுக்காக முன்வைத்த கருத்து அது. மீளளிப்பை "பின்வாங்கல்" என்று கருதிவிட வேண்டாம். பயணியின் வங்கிக் கூற்றில் அறவீடும் தெரியும், மீளளிப்பும் தெரியும். இடைப்பட்ட நேரத்தில் முரண்பாடு இருக்கவே செய்யும். வினாவில் "எந்தக் கணத்திலும் முரண்பாடு இருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தால் இ-யும் அதை நிறைவேற்றாது என்பதைக் கவனியுங்கள். "நின்றுவிடக் கூடாது" என்று நீங்கள் எழுதியதனால்தான் அது சரியான விடையாகிறது.

பரிவர்த்தனையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று, பிழை கையாளும் இரண்டு முறைகள். ஆன் எரர் புரொபகேட் பிழையை மேலே அனுப்பிப் பரிவர்த்தனையைப் பின்வாங்கச் செய்யும். ஆன் எரர் கன்டினியூ பிழையை விழுங்கி, அந்த ஃபுளோ (செயலியின் படிகளின் தொடர்) வெற்றியாக முடிந்ததாகவே கருதி, பரிவர்த்தனையை உறுதிப்படுத்திவிடும். கியூவிலிருந்து எடுத்த செய்தி மீண்டும் கியூவுக்குப் போக வேண்டுமா, போகக் கூடாதா என்பதை இந்த ஒரு தெரிவு மாற்றிவிடுகிறது.

பதில்: வதிரி_வாசகன்

மேலே அண்ணா எழுதியதில் தொழில்நுட்ப ரீதியாக எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் இ-யில் எக்ஸ்ஏ வந்திருப்பதைப் பார்த்து, எக்ஸ்ஏ என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பங்காளிகள் எல்லோரையும் பூட்டிவைத்துக் காத்திருக்கும் முறை, வேகம் குறையும். குறுஞ்செய்தி சில நொடிகள் தாமதமாகப் போகலாம், அல்லது ஓரிரு வேளை இருமுறை போனாலும் பாதகமில்லை என்று வினா சொன்னால், அனுப்ப வேண்டிய செய்தியை அதே தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் லோக்கல் பரிவர்த்தனைக்குள் எழுதிவிட்டு, வேறொரு ஃபுளோ அங்கிருந்து எடுத்துக் கியூவுக்கு அனுப்புவது எளிமையான தீர்வு. சொல்லப்பட்ட தேவையைப் பூர்த்தி செய்யும் விடைகளில் மிகக் குறைந்த சுமை உள்ளது எது என்று தேடுங்கள். இந்தப் பரீட்சை சக்திவாய்ந்த கருவியைத் தெரிவுசெய்பவரைத் தேடவில்லை.

வினாத் தொகுப்புகள் பற்றி நான் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். கடந்தகால வினாத்தாள்களோடு அவற்றை ஒப்பிடுவது சரியல்ல. உயர்தர வினாத்தாள் பரீட்சை முடிந்ததும் எல்லோர் கையிலும் இருக்கும். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டமும் கிடைக்கும். ஓர் ஆசிரியர் முன்னே நின்று ஏன் இது விடை என்று விளக்குவார். குழுக்களில் சுற்றுவது அப்படியானதன்று. வினாக்களை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொரு பரீட்சார்த்தியும் ஒப்புக்கொண்டுதான் பரீட்சைக்கு அமர்கிறார். அதை மீறி வெளியே வந்தவை அவை. பிடிபட்டால் சான்றிதழ் இரத்தாகலாம். ஒழுக்கத்தை ஒருபுறம் வைத்தாலும், அந்த விடைகளைக் குறித்தவர் யார், எந்தப் பதிப்புக்காகக் குறித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் விட, இங்கே ஒரே விவரணத்தில் ஒரு சொல் மாறினாலே விடை மாறும். மேலே "நின்றுவிடக் கூடாது" என்ற சொல்லால் விடை தீர்மானமானதைப் பார்த்தீர்கள். விடையை மனனம் செய்தவருக்கு அந்தச் சொல் கண்ணிற் படாது.

அதற்குப் பதிலாக நீங்கள் இப்போது செய்வதையே தொடருங்கள்: வினாவை நீங்களே எழுதுங்கள். எழுதும்போது பிழையான ஒவ்வொரு விடைக்கும், அது ஏன் பிழை என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு விவரணத்தில் எந்தச் சொல்லை மாற்றினால் அந்தப் பிழையான விடை சரியாகிவிடும் என்று தேடுங்கள். அலுவலகத்தில் இருவர் இப்படி எழுதி மாற்றிக்கொண்டால் அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கையால் செய்து பார்க்க வேண்டிய ஒன்றையும் சொல்கிறேன். மடிக்கணினியில் அக்டிவ்எம்கியூவை (ஜேஎம்எஸ் கியூக்களைத் தரும் மென்பொருள்) நிறுவி, கியூவில் இருந்து செய்தியை எடுத்து, அரை நிமிடம் காத்திருந்து, பின் தரவுத்தளத்தில் எழுதும் ஒரு சின்ன ஃபுளோவைச் செய்யுங்கள். ஜேஎம்எஸ் லிசனரின் அக்னொலஜ்மென்ட் முறையை (செய்தி கிடைத்தது என்று கியூவுக்கு உறுதிசெய்வது) முதலில் இமீடியட் (வாங்கியவுடனே) என்று வைத்து, ஒரு செய்தியை அனுப்பி, அந்தக் காத்திருப்பின் நடுவே மியூல் ரன்ரைமை (செயலியை ஓடவைக்கும் மென்பொருள்) வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். தரவுத்தளத்தில் பதிவு இல்லை, கியூவிலும் செய்தி இல்லை, அது தொலைந்துவிட்டது. இப்போது முறையை ஓட்டோ (ஃபுளோ வெற்றியாக முடிந்த பின்) என்று மாற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். ரன்ரைம் மீண்டும் எழுந்ததும் அதே செய்தி திரும்ப வரும். அதன் தலைப்பில் "மீள விநியோகிக்கப்பட்டது" என்ற அடையாளம் ட்ரூ என்று மாறியிருக்கும். அடுத்து, தரவுத்தளத்தில் எழுதிய பின்பும் ஃபுளோ முடியும் முன்பும் நிறுத்திப் பாருங்கள். பதிவு இரண்டு முறை விழும். ஒரு செய்தி குறைந்தது ஒரு முறை வந்து சேரும் என்ற உத்தரவாதத்துக்கும், சரியாக ஒரே முறை செயற்படுத்தப்படும் என்ற எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் கண்டுவிட்டால், ஐடெம்பொட்டன்ட் மெசேஜ் வலிடேற்றர் (ஏற்கெனவே வந்த செய்தியை இனங்கண்டு தடுக்கும் கூறு) எதற்காக இருக்கிறது என்பதை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் பலர் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஒருங்கிணைப்புக் கருவிகளில் வேலை செய்து பழகியவர்கள். 2005 இல் இலங்கையில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் இன்டகிரேற்றரில் மெசேஜ் ஸ்ரோர், மெசேஜ் புரொசெசர் என்ற இரட்டையைப் பயன்படுத்தியிருப்பீர்கள்: வருவதை முதலில் பத்திரமாகச் சேமித்து, அனுப்பியவருக்கு உடனே பதில் சொல்லி, பின்னர் தன் வேகத்தில் செயற்படுத்துவது. மியூல் ஆவணங்களில் ரிலையபிலிற்றி பற்றர்ன் என்று வருவதும் இதுதான். எச்ரிரிபியில் வரும் கோரிக்கையை நிலைத்த கியூ ஒன்றில் இட்டு, 202 என்ற நிலைக் குறியீட்டோடு பதில் அனுப்பிவிட்டு, மீதியைப் பின்னால் செய்கிறது. அந்த அனுபவம் இருப்பவர்கள் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. பெயர்களை மட்டும் பொருத்திக்கொண்டால் போதும்.

கொக்குவில்_நிலா

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். வெற்றி, தோல்வி, தெரியாது என்ற மூன்று முடிவுகள் என்ற விளக்கம் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது.

இதையொட்டி இன்னொரு இடம் தெளிவில்லாமல் இருக்கிறது. ஒரு செயலியை மியூல்சொஃப்டின் கிளவுட் சேவையான கிளவுட்ஹப்பில் இரண்டு வேர்க்கர்களில் ஓடவிடுவதும், நம் சொந்தச் சேவர்களில் இரண்டு நோட் கொண்ட கிளஸ்ரரில் ஓடவிடுவதும் ஒன்றா? அத்துடன், எக்ஸ்பீரியன்ஸ் (வாடிக்கையாளர் செயலிக்கு), புரொசெஸ் (வேலைமுறைக்கு), சிஸ்டம் (பின்னணி முறைமைக்கு) என்று மூன்று அடுக்குகளாக ஏபிஐகளை (மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் வாயில்கள்) பிரிப்பது எப்போதும் நல்லது என்ற தோரணையில் பயிற்சிக் காணொளிகள் பேசுகின்றன. பரீட்சையிலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மானிப்பாய்_வரைபடம்

இரண்டும் ஒன்றல்ல, நிலா. வினா எந்தத் தளத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதல் வாசிப்பிலேயே கோடிட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதன்படிதான் விடை மாறும்.

சொந்தச் சேவர்களில் அமைக்கும் மியூல் கிளஸ்ரரில் நோட்கள் ஒன்றையொன்று அறியும். எட்டு நோட்கள் வரை சேர்க்கலாம். விஎம் கியூவும் ஒப்ஜெக்ட் ஸ்ரோரும் (செயலி தன் தரவைச் சேமித்து வைக்கும் இடம்) அவற்றுக்கிடையே பகிரப்படும். ஒரு நோட் விழுந்தால், அது கியூவில் இட்டுச் சென்ற செய்தியை மற்றையது எடுத்துச் செய்யலாம். ஸ்கெடியூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கூறு) முதன்மை நோட்டில் மட்டும் ஓடும். எச்ரிரிபி லிசனர் எல்லா நோட்களிலும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் கோரிக்கைகளைப் பகிர்ந்து அனுப்பும் லோட் பலன்சரை நீங்கள்தான் வெளியே வைக்க வேண்டும்.

முதற் பதிப்புக் கிளவுட்ஹப்பில் இரண்டு வேர்க்கர்கள் என்பது அடிப்படையில் தனித்தனியான இரண்டு ரன்ரைம்கள். லோட் பலன்சரைத் தளமே தருகிறது. நினைவகத்தில் இருக்கும் விஎம் கியூ அந்தந்த வேர்க்கருக்கு மட்டுமே சொந்தம். பெர்சிஸ்டன்ட் கியூ என்ற தெரிவை இயக்கினால்தான் வேர்க்கர் விழுந்தாலும் செய்தி பிழைக்கும், மற்றையதும் அதை எடுக்கும். ஒப்ஜெக்ட் ஸ்ரோர் வி2 வேர்க்கர்களுக்கு இடையே பகிரப்படும், ஆனால் ஒரு மதிப்பின் அளவு 10 எம்பியைத் தாண்டக் கூடாது. இன்னொரு மாறுபாடும் உண்டு. ரன்ரைம் ஃபப்ரிக்கிலும் (நம் சொந்தக் கட்டமைப்பில் மியூலை ஓடவிடும் சேவை) கிளவுட்ஹப் 2.0 இலும் ரெப்ளிக்காக்களை (செயலியின் பிரதிகள்) கிளஸ்ரராக ஓடவிடும் தெரிவு இருக்கிறது. ஆகவே "கிளவுட்ஹப்" என்று பொதுவாக நினைத்துக்கொள்ளாமல் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடம் ஜேஎம்எஸ் ரொப்பிக். கியூ என்றால் இரண்டு வேர்க்கர்களும் போட்டியிட்டு எடுப்பார்கள். ஒரு செய்தி ஒருவருக்கே போகும். ரொப்பிக் என்றால் இரண்டு வேர்க்கர்களும் தனித்தனிச் சந்தாதாரர்கள். ஒரே செய்தி இருவருக்கும் போகும். உங்கள் பஸ் உதாரணத்தில் பயணிக்கு இரண்டு குறுஞ்செய்தி போகும். ஒரு வேர்க்கரோடு சோதிக்கும்போது இந்தக் குறை தெரியாது. சுமை கூடியது என்று இரண்டாக்கிய அன்றுதான் வெளியே வரும். ஜேஎம்எஸ் 2.0 இல் வந்த பகிரப்பட்ட சந்தா இதற்கான தீர்வு. அல்லது கியூவுக்கு மாற வேண்டும்.

மூன்று அடுக்குகள் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அந்தப் பிரிப்பின் நோக்கம் மீள்பயன்பாடும், மாற்றம் ஓர் அடுக்கோடு நின்றுவிடுவதும். பழைய கணக்கியல் மென்பொருளை மாற்றினால் அதற்கான சிஸ்டம் ஏபிஐ மட்டும் மாற வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி புதிதாக ஒரு புலத்தைக் கேட்டால் எக்ஸ்பீரியன்ஸ் ஏபிஐ மட்டும் மாற வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வோர் அடுக்கும் 99.9 சதவீத நேரம் இயங்குகிறது என்று வைத்து, மூன்றும் ஒன்றையொன்று நேரடியாக அழைத்துக் காத்திருக்கின்றன என்றால், முழுச் சங்கிலியும் இயங்கும் நேரம் 0.999 ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 99.7 சதவீதம். 30 நாள் மாதத்தில் ஒரு தனி அடுக்கு தடைப்படக்கூடியது சுமார் 43 நிமிடங்கள். சங்கிலியாகச் சேர்ந்தால் அது 2 மணித்தியாலத்துக்கும் மேல். தாமதமும் அப்படியே கூடும், ஏனெனில் ஒவ்வொரு தாவலிலும் வலையமைப்பும் தரவு மாற்றமும் நேரத்தை எடுக்கும். ரைம்அவுட்டுகளையும் இதோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும்: உள்ளே இருக்கும் அடுக்கின் ரைம்அவுட் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியடுக்கு கைவிட்டுப் போன பின்னும் உள்ளடுக்கு யாருக்காகவோ வேலை செய்துகொண்டிருக்கும்.

எனவே, பல வாடிக்கையாளர் செயலிகள் ஒரே பின்னணி முறைமையைப் பகிர்கின்றன என்று வினா சொன்னால் அடுக்குகளை ஆதரியுங்கள். ஒரே ஒரு நுகர்வோன், ஒரே ஒரு முறைமை, கடுமையான தாமத எல்லை என்று சொன்னால், மூன்றையும் கட்டாயமாக வைக்கும் விடையைச் சந்தேகியுங்கள்.

இதோடு உயர் கிடைப்பனவையும் பேரழிவு மீட்பையும் வேறுபடுத்திப் படியுங்கள். இரண்டாவது வேர்க்கர் முதலாவது வேர்க்கரின் வீழ்ச்சிக்கு விடை. அந்த வேர்க்கர்கள் ஓடும் கிளவுட் பிராந்தியமே விழுந்தால் அது விடையல்ல. வினாவில் எவ்வளவு நேரத்துக்குள் மீள வேண்டும், எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம் என்ற இரண்டு எண்கள் வந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவற்றை வைத்து விடைகளைக் கழியுங்கள்.

பதில்: அரியாலை_வடக்கு

பரீட்சை நாள் ஏற்பாடுகள் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னே வரும், சில இடங்களில் முதலெழுத்தாகச் சுருங்கும், பாடசாலைச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருக்கும். பதிவுக் கணக்கிலுள்ள பெயரும் நீங்கள் காட்டும் அடையாள ஆவணத்திலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய தேசிய அடையாள அட்டைகளில் பெயர் ஆங்கில எழுத்தில் இல்லாததால் கடவுச்சீட்டை வைத்துக்கொள்வது நல்லது. பரீட்சைக்குத் திகதி எடுக்கும் முன்னரே கணக்கிலுள்ள பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். பரீட்சை தொடங்கும் நேரத்தில் கண்காணிப்பாளரிடம் எங்கள் பெயர் வழக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மின்தடைக்கு மடிக்கணினியின் மின்கலம் மட்டும் போதாது. ஃபைபர் இணைப்பென்றால் சுவரிலுள்ள பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் வேண்டும். அவை இரண்டையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் இணைத்து, மின்சாரத்தை நீங்களே நிறுத்தி, இரண்டு மணித்தியாலம் தாங்குகிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள். அறையில் வேறொருவர் நுழையக் கூடாது, மேசை வெறுமையாக இருக்க வேண்டும். பரீட்சைக் கண்காணிப்பு மென்பொருளும் கணினியிலுள்ள வேறு கண்காணிப்பு மென்பொருளும் ஒன்றோடொன்று மோதுவதுண்டு. அலுவலக மடிக்கணினியில் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் இருந்தால் சொந்தக் கணினியைப் பயன்படுத்துங்கள். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி எட்டாத வீட்டைத் தேடுவதும் அவசியம். நல்லூர் சுற்றாடலில் இருப்பவர்களுக்கு ஆவணி மாதத்தில் திகதி எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வினாவொன்றுக்குச் சராசரியாக 2 நிமிடம் கிடைக்கிறது. விவரணம் நீளமாக இருந்தால் கடைசி வாக்கியத்தை முதலில் வாசித்து, என்ன கேட்கப்படுகிறது என்று அறிந்த பின் மேலிருந்து வாருங்கள். ஐயமானதைக் குறியிட்டுவிட்டு நகருங்கள்.

கொக்குவில்_நிலா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் விடயம் என் எண்ணத்திலேயே வரவில்லை, இன்றே பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. தரவு நாட்டுக்கு வெளியே போகக் கூடாது, ஆனால் கிளவுட் வழியாக நிர்வகிக்க வேண்டும் என்று ஒரு வினா வந்தால் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: சுன்னாகம்_இணைப்பாளர்

தங்கச்சி, மியூல்சொஃப்டின் தளத்தில் இரண்டு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன என்று வைத்துப் பிரியுங்கள். கன்ட்ரோல் பிளேன் என்பது ஏபிஐகளை வடிவமைப்பது, பாதுகாப்புக் கொள்கைகளை இடுவது, கண்காணிப்பது போன்றவை நடக்கும் இடம். ரன்ரைம் பிளேன் என்பது உண்மையான செய்திகள் ஓடும் இடம். நீங்கள் சொன்ன வினாவில் ரன்ரைமைச் சொந்தத் தரவு மையத்தில் வைத்து, கன்ட்ரோல் பிளேனைக் கிளவுட்டில் விடலாம். வாடிக்கையாளரின் பதிவுகள் உள்ளேயே ஓடும். வெளியே போவது எத்தனை அழைப்புகள் வந்தன, எது தோல்வியடைந்தது போன்ற நிர்வாகத் தகவல். அந்தத் தகவலும் வெளியே போகக் கூடாது என்று வினா சொன்னால் கதை மாறும்: அப்போது கன்ட்ரோல் பிளேனையும் உள்ளே நிறுவும் பிரைவேட் கிளவுட் எடிஷனைத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, உள்ளூர் வேலைகளிலும் வாடிக்கையாளர்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆகவே பரீட்சைக்காக மட்டும் படிக்கும் பகுதி என்று இதை ஒதுக்க வேண்டாம். பரீட்சையில் ஒரு நுணுக்கத்தையும் பாருங்கள். செய்தி ஓடும் இடம் உள்ளே இருந்தாலும், ஃபுளோவில் லொகர் (நடப்பதைப் பதிவுசெய்யும் கூறு) ஒன்று முழுப் பேலோடையும் (செய்தியின் உள்ளடக்கம்) எழுதி, அந்தப் பதிவுகள் கிளவுட்டிலுள்ள கண்காணிப்புச் சேவைக்கு அனுப்பப்பட்டால், பயணியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அந்த வழியாக வெளியே போய்விடும். ரன்ரைம் எங்கே இருக்கிறது என்று பார்த்ததோடு நிறுத்தாமல், பதிவுகள் எங்கே போகின்றன என்ற அம்பையும் படத்தில் வரைந்துகொள்ளுங்கள்.